மட்டம்

பட்டாபிராமன் சாரின் மாருதி எய்ட் ஹண்ட்ரடை மாமி சக்களத்தி என்றுதான் சொல்வாள். "எனக்கு முட்டி வலின்னா தைலத்தைத் தடவிக்கோங்கறார். அது லேசா முனகினா போறும், உடனே அழைச்சுண்டு ஓடறார்" என்று மாடிக்குக் கேட்கும்படியாகவே சொல்வாள். மாடியில் வாடகைக்கு இருந்தது நாங்கள். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. நான் எழும்பூரில் ஒரு ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். பெயர் ஏசுதாசன். இந்தக் கதையில் என் பங்கு ரொம்பச் சின்னது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். வண்டி தொண்ணூறாம் வருஷத்து வண்டி. சார் செம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். அவர் வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது, ஜமால் ஒருத்தனைத் தவிர. ஜமாலுக்கு கேம்ப் ரோட்டில் ஒரு காலி மனையில் தகர ஷெட். பின்பக்கச் சந்தில் ஒற்றை அறை வீடு. அவன் மனைவி ஜஹீரா தையல் மிஷின் போட்டிருந்தாள். மாமியின் பிளவுஸ் எல்லாம் அவள் தைத்ததுதான். வேறு யார் தைத்தாலும் கை தூக்க முடியவில்லை என்பாள் மாமி.

அந்த மே மாதம், அக்னி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, காலி மனையை யாரோ ஃப்ளாட் கட்டுவதற்கு வாங்கிவிட்டார்கள். ஜூன் கடைசிக்குள் ஷெட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். அதே சமயத்தில் சாரின் பழைய பள்ளிக்கூடத்தில் நாலு வேனையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு மெக்கானிக் தேடிக்கொண்டிருந்தார்கள். வேன் நிற்கிற மைதானத்து மூலையிலேயே ஷெட் போட்டுக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் வெளிவேலையும் செய்யலாம் என்று கரெஸ்பாண்டன்ட் வேதசிரோமணி சொல்லியிருந்தார். ஜமால் ஒரு சாயங்காலம் வந்து கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றான்.

"சார், கரெஸ்பாண்டன்ட் உங்களாண்ட கேப்பாரு. நா உங்க பேரைத்தான் சொல்லிக்கீறேன்."

"பன்னெண்டு வருஷமா உன்னைப் பாக்கறேன். சொல்லாம இருப்பேனா?"

"கெடச்சா எல்லாம் இங்கியே சார். இல்லாங்காட்டி மஸ்கட்டுதான். மச்சான் ஜாகிர் அங்க ஒர்க்‌ஷாப்ல கீறான். விசா அனுப்பறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். போனா ரெண்டு வருசம் திரும்ப முடியாது. ஜஹீராவுக்கு வேற இப்ப அஞ்சாம் மாசம்."

"எல்லாம் நல்லபடியா நடக்கும் போ. காலைல ஃபர்ஸ்ட்லேர்ந்து செகண்டுக்குப் போட்டா கியர் கடிக்கறது. மொதல்ல அதைப் பாரு."

"கியர் ஆயில் மாத்தி அஞ்சு வருசம் ஆவுது சார். ஞாயித்துக்கெழம வந்து வண்டிய எட்த்துகினு போறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் சாருக்கு ஒரு பூணூல். அதனால் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கூட இருந்து பாத்துக்கோங்கோ ஏசுதாசன். ஜமால் நல்லவன்தான், இருந்தாலும் ஒருத்தர் இருந்தா நல்லது" என்றார். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. சரி சார் என்றேன். வீட்டுக்காரர் சொல்வதற்குச் சரி சார் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஜமால் நேராக ஷெட்டுக்குப் போகவில்லை. அகரம்தென் ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினான். "ஆயில் சூடாவணும்ணா. ஜில்லுனு கீறப்ப எறக்குனா கசடெல்லாம் அடியிலயே தங்கிடும்" என்றான். ஷெட்டில் ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, ஓரத்தில் சிமெண்ட் பூசி வைத்திருந்தான். அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். என்னைப் பள்ளத்துப் படியில் உட்காரச் சொன்னான்.

"எல்லாரும் அவசரத்துல கீழ பிளக்கத்தான் மொதல்ல கயட்டுவான். நா மேல ஊத்துற பிளக்கத்தான் தொறப்பேன். கீழ எறக்கிட்டு அப்பால மேல தொறக்கலன்னு வெச்சுக்கோ, வண்டி இங்கியே குடித்தனம் பண்ணும்."

மேல் பிளக் கிரீச் என்று ஒரு சத்தத்தோடு இளகியது. அப்புறம் கீழ் பிளக்கைக் கழற்றினான். கன்னங்கரேல் என்று எண்ணெய் தட்டில் இறங்கியது. அழுகின முட்டை நாற்றம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தான். பிளக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "மாவாத்தான் கீது. துண்டு ஒண்ணும் இல்ல. பல்லெல்லாம் நல்லா கீது" என்றான். சொட்டு நிற்கிற வரைக்கும் காத்திருந்தோம். அதற்குள் ஜஹீரா தக்காளி சாதமும் அவித்த முட்டையும் கொடுத்தனுப்பினாள். அவர்கள் மகள் மெஹ்னாஸ், மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில், அந்த நாற்றத்திலும், நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஜமால் சாப்பிடவில்லை. கை கழுவினால் மறுபடி கறையாகும், முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றான்.

கீழ் பிளக்கை மூடிவிட்டு, புது எண்ணெயை டியூப் வைத்து மேல் ஓட்டை வழியாக ஊற்றினான். அது பிசினாக மெதுவாக இறங்கியது. கடைசியில் ஊற்றின ஓட்டையிலிருந்தே நூல் மாதிரி வெளியே வழிய ஆரம்பித்தது.

"குனிஞ்சு பாருண்ணா. வழியுது பாரு. மட்டம் வந்துடுச்சு. இன்ஜின் ஆயிலுக்குக் கம்பி கீது, எட்த்துப் பாக்கலாம். இதுக்கு அதெல்லாம் கெடையாது. இந்த ஓட்டைதான் அளவு. வழிஞ்சா ரொம்புச்சுன்னு அர்த்தம்."

நான் குனிந்து பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். வழிந்தது.

ஆனால் திங்கட்கிழமை காலையிலும் கியர் கடித்தது. செவ்வாயும் கடித்தது. அடுத்த ஞாயிறு நியூஜெர்சியிலிருந்து பையன் ஷ்யாம்சுந்தர் போன் செய்தபோது சார் அதைச் சொன்னார். "அப்பா, அங்கெல்லாம் ஆயிலை மாத்தாமலே மாத்திட்டேன்னு சொல்லுவான். நீங்களே செக் பண்ணுங்கோ, லிங்க் அனுப்பறேன்" என்றானாம். சார் கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் போய் ஏழு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சார் லேசுப்பட்டவரா? போர்டிகோ தரையில் ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார். நின்றது. திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் வண்டிக்கு அடியில் போவதற்காக இடது பக்கம் ஜாக்கி போட்டு ஒரு முழம் தூக்கினார்.

நான் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்தேன், டார்ச் பிடித்தேன். சார் கோரைப்பாயை விரித்து உள்ளே ஊர்ந்துபோய், பிளக்கைத் திறந்து, சுண்டுவிரலை உள்ளே விட்டார். வெளியே வந்து விரலை என் முன்னால் நீட்டினார். காய்ந்திருந்தது.

"நீங்களும் விட்டுப் பாருங்கோ."

நானும் படுத்து ஊர்ந்து விரலை விட்டேன். என் விரலிலும் ஒன்றும் படவில்லை.

"நீங்க கூட இருந்தேளே. அவன் ஊத்தி முழுசா ரொம்பினதைப் பாத்தேளா?"

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன், இன்றைக்கும். வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் சார் என்று சொன்னால், அப்படியானால் எண்ணெய் எங்கே போயிற்று என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. அந்த மாதம் எங்கள் பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிகிறது, நீட்டிக்கிறேன் என்று சார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அந்த வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரை எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று கொண்டாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் மனதில் ஓடியது என்று சொன்னால் அது பொய். எதுவுமே ஓடவில்லை. வாய் தானாகப் பேசியது.

"சரியாக் கவனிக்கல சார்."

சார் புது எண்ணெய் டப்பாவைத் திறந்து, டியூப் வைத்து, வழிகிற வரைக்கும் ஊற்றினார். கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் இறங்கியது. "மூணுல ஒரு பங்கை முழுங்கிட்டான். பாத்தேளா?" என்றார். வாசல்படியில் மோர் டம்ளரோடு நின்ற மாமி, "ஏன்னா, அவனையே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன்" என்றாள்.

"கேட்டா ஒத்துப்பானா? இருபத்தெட்டு வருஷம் காப்பி அடிக்கற பசங்களைப் பிடிச்சவன் நான். பிடிபட்டவன் எவனும் ஒத்துண்டதில்லை."

"ஜஹீரா புருஷன் அப்படிப்பட்டவன் இல்லைன்னா."

"விரல் பொய் சொல்லாது."

அன்று சாயங்காலமே வேதசிரோமணி போன் செய்தார். நான் காலி சிலிண்டரைக் கீழே வைக்க வந்தவன் கூடத்திலேயே நின்றேன். சார் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூட அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் யோசித்திருப்பார். வருத்தமாகப் பேசினார்.

"வேலை தெரிஞ்சவன்தான் சார். ஆனா நம்பிக்கைன்னு கேட்டா... என் வண்டியிலயே கியர் ஆயிலைக் கொறச்சு ஊத்தியிருக்கான், விரலை விட்டுப் பாத்தேன். உங்களது குழந்தைகள் போற வண்டி. நான் சொல்ல மாட்டேன். எதையும் தீர விசாரிக்காம சொல்றவன் இல்லை நான், உங்களுக்குத் தெரியும். மாடியில குடியிருக்காரே, அவரும் கூட இருந்து பாத்தார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டுவது யாருக்கும் கேட்காது. இருந்தும் ஆட்டினேன்.

ஜூன் கடைசியில் ஷெட்டைப் பிரித்தார்கள். பள்ளத்தில் மண்ணைப் போட்டு மூடினார்கள். அக்ரிமெண்ட் நீண்டது, வாடகைகூட ஏறவில்லை. ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை ஜமால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மஸ்கட் விசா வந்துவிட்டது, நாளைக்கு பிளைட் என்றான். சார் பேப்பரை மடிக்காமலே, "ம், நல்லபடியா போய்ட்டு வா" என்றார்.

"வண்டி எப்புடி சார் கீது?"

"ஓடறது."

ஜமால் போர்டிகோவில் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சார், ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தான். சார் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். மாமி காப்பியோடு வெளியே வந்தாள். "ஒண்ணுமில்ல சார். உடம்பப் பாத்துக்கோங்க. மாமி, வரேன். வரேண்ணா" என்று என்னையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்த மாதிரி இருந்தது. காப்பியைக் குடிக்காமலே போனான்.

ஆகஸ்டில் மாமியின் அக்கா பேரனைப் பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டலில் விடப் போனோம். சாமான் தூக்க நான். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி தாண்டும்போதே வண்டிக்குள் அழுகின முட்டை நாற்றம். பையனை இறக்கிவிட்டுத் திரும்பினால், வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய் குளம் கட்டியிருந்தது. பக்கத்திலேயே ஒரு ஷெட். மெக்கானிக் பெயர் குப்பன். சாரைவிட வயதானவர். வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி, கீழே இறங்கி, மேல் பிளக்கை லேசாகத் தளர்த்தினார். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு அவர் சட்டையில் அடித்தது.

"யார் சார் இத்தினி ஊத்தனது? சீல் ரெண்டும் பிதுங்கிகினு கீது."

"நான்தான். மொதல்ல கொறச்சலா இருந்துது. நானே விரலை விட்டுப் பாத்தேன்."

"வண்டிய எப்புடி வெச்சுப் பாத்தீங்க?"

"சமதரையில. ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டுத்தான்."

"தரை சமமா இருந்தா போதுமா சார்? வண்டி சமமா இருந்துச்சா?"

சார் குனிந்து வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் ஜாக்கி போட்டிருப்பீங்க. ஓட்டை கீற பக்கம் மேல போயிருக்கும், ஆயில் அந்தாண்ட ஓடியிருக்கும். வெரல வுட்டா காஞ்சிதான் இருக்கும். எவனோ கரெக்டாத்தான் ஊத்திக்கீறான், பாவம். கியர் கடிச்சது கிளட்ச் கேபிளு. லூசா தொங்குது. அஞ்சு நிமிசம் வேல."

தண்ணீர் தன் மட்டத்தை நாடும் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார் சார்! ஷெட்டில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மாமி திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டலூர் தாண்டினபோது சார், "ஏசுதாசன், நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேன்" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "விடுங்க சார், தெரியாம நடந்ததுதானே" என்றேன். தெரிந்தே செய்தவன் பின் சீட்டில் உட்கார்ந்து தெரியாமல் செய்தவரைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை சார் என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தான் பண்ணின தப்பை ஒன்றுவிடாமல் வேதசிரோமணியிடம் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், குரோம்பேட்டைக்காரர் ஒருத்தர் வந்து ரெண்டு மாசம் ஆகுது. நல்லாத்தான் செய்யறார். குடும்பத்தோட இங்கயே வந்துட்டார், பிள்ளையை நம்ம ஸ்கூல்லயே சேர்த்திருக்கார். அவரை என்ன சொல்லி அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

சார் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்து மூலையில் புதுத் தகரம் வெயிலில் மின்னியது. "ஜஹீராகிட்டயும் சொல்லிடறேன். அதையாவது செய்யணும்" என்றார்.

ஜஹீரா மிஷினில் இருந்தாள். எட்டாம் மாதம். வயிறு இடிக்காமல் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சார் உட்காரவில்லை. நின்றபடியே, ஜாக்கி போட்டதிலிருந்து போனில் பேசியது வரைக்கும் சொன்னார்.

"எனுக்குத் தெரியும் சார்" என்றாள், அவர் முடித்த பிறகு.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். ஸ்கூல் வேன் டிரைவரு அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. இவரு ராவெல்லாம் தூங்கல. காலீல டீ குடிச்சுகினு இருந்தவரு, சாசர்ல டீய ஊத்தி இப்டி சாய்ச்சாரு. 'சாரு பொய் சொல்ற மன்சன் இல்ல ஜஹீரா. இப்டித்தான் ஜாக்கி போட்டுப் பாத்திருப்பாரு. இந்தப் பக்கம் காஞ்சி கீது பாரு'ன்னு காட்டினாரு."

"அப்ப எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா!"

"நானும் அதான் சொன்னேன் சார். போய்ச் சொல்லுங்க, வேல போவுது, ஊர வுட்டுப் போணும்னு அழுதேன். 'பிசிக்ஸ் வாத்தியாருக்கு நா போயி மட்டம் சொல்லித் தர்றதா? மாமி எதிர்ல அவருக்கு அசிங்கமா பூடும்'னாரு. கெளம்பற முந்தின நாளு சொல்லிட்டு வரேன்னுதான் வந்தாரு. வாய் வரலன்னு திரும்பிட்டாரு."

சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். போய்விடலாம் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜஹீரா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா உங்க மேல அவருக்கு ரொம்ப நம்பிக்கைண்ணா. 'நா சொல்லலன்னா இன்னா, ஏசு அண்ணன் பக்கத்துல குந்திகினு பாத்துச்சு. வழிஞ்சத குனிஞ்சு பாருன்னு நாந்தான் காட்டினேன். அண்ணன் எப்பனா சார்கிட்ட சொல்லும், வுடு'ன்னாரு. இப்பவும் போன் பண்ணா மொதல்ல அதத்தான் கேப்பாரு. அண்ணன் சொல்லிச்சான்னு."

சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தேளா?"

"பாத்தேன் சார்" என்றேன். "வழிஞ்சது."

நாற்காலியை விட்ட சாரின் கை பட்டு மிஷினின் சக்கரம் கொஞ்சம் சுற்றியது. ஜஹீரா அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் சட்டென்று மலர்ந்தது. மூன்று மாதமாகக் காத்திருந்தது வந்துவிட்ட மாதிரி.

"அப்ப நீங்க ரெண்டு பேருமே ஸ்கூலுக்குப் போயி சொல்லிடுவீங்கல்லண்ணா? நா இன்னிக்கே அவரக் கெளம்பி வரச் சொல்லட்டா?"

நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்திருந்தோம்.